கழற்றி மாட்டும் கூரை

தண்ணீராக இருக்கும் எதையும் அவரால் விழுங்க முடியாது. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். கெட்டியானதுதானே தொண்டையில் சிக்கும், தண்ணீர் எங்கே சிக்கும் என்பார்கள். விஷயம் நேர்மாறானது. நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயில் ஒரு சின்ன மூடி சாய்ந்து அடைத்துக்கொள்கிறது. தொண்டைத் தசைகள் சோர்ந்துபோனால் அந்த மூடி கொஞ்சம் தாமதமாகச் சாயும். கெட்டியான கவளம் மெதுவாக இறங்குவதால் மூடிக்கு அவகாசம் கிடைக்கும். தண்ணீர் காத்திருக்காது, முந்திக்கொண்டு ஓடி நுரையீரலுக்குள் போய்விடும். ஆகவே அவருடைய டீயில், ஆஸ்பத்திரியில் கொடுத்த மாவை ஒரு கரண்டி போட்டு, கட்டி விழாமல் கலக்கி, கூழ் பதத்துக்கு வந்த பிறகு ஸ்பூனில் எடுத்து ஊட்ட வேண்டும்.

“டீ குடிச்சாச்சான்னு என்னைக் கேக்காதீங்க, டீ தின்னாச்சான்னு கேளுங்க” என்று ஆரம்பத்தில் பார்க்க வந்தவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். அப்போது அவர் பேச்சு எல்லோருக்கும் புரிந்தது. இப்போது மனைவிக்கு மட்டும்தான் புரிகிறது. அவர் சொல்வதெல்லாம் இங்கே எழுத்தில் தெளிவாக இருக்கும். காதில் அப்படி விழாது. தூக்கத்தில் பேசுகிறவரின் உளறல் மாதிரி ஈரமான ஓசைதான் கேட்கும். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வாள்.

தெருவில் அவருக்கு லேத்துக்காரர் என்று பெயர். விரல்கள் ஸ்பூனைக்கூடப் பிடிக்காமல் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இரும்பைக் கடைந்து தண்டும் பல்சக்கரமும் செய்துகொண்டிருந்த கை. நோய் முதலில் வந்தது வலது கட்டைவிரலில்தான். மூளை சொல்வதைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துவிடும் நோய் அது. கை, கால், கழுத்து, நாக்கு என்று ஏறி வந்து இப்போது மூச்சுத் தசைகளிடம் நின்றது. அறிவுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. “கடைசிவரைக்கும் எல்லாம் புரியும்” என்று டாக்டர் சொன்னபோது அவர் அதை நல்ல செய்தியாகச் சொல்கிறாரா, கெட்ட செய்தியாகச் சொல்கிறாரா என்று மனைவிக்குத் தெரியவில்லை.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னறையில் அவளுடைய தையல் மிஷின். பஸ்ஸுக்கும் வேனுக்கும் சீட் உறை தைப்பது அவள் தொழில். சுவரோரம் ரெக்சின் சுருள்கள் நின்றுகொண்டிருக்கும். அடுத்தது அவர் படுத்திருக்கும் அறை, அதற்கடுத்து சமையலறை, பிறகு வாசல் அளவுக்கு ஒரு கொல்லை, கொல்லையின் பக்கவாட்டில் தெருவுக்கு வழிவிட்டு ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் கார்.

அந்த மாதிரிக் காரைக் கடையில் ஓட்டிப் பார்த்து வாங்க முடியாது. மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வரும். சதுரக் குழாய்களைப் பற்றவைத்த சேசிஸ் என்கிற அடிச்சட்டம் ஒரு பெட்டியில், ஃபைபரில் செய்த உடம்பு சில பெட்டிகளில். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எங்காவது நொறுங்கிப்போன பழைய காரிலிருந்து நாமே தேடிக்கொள்ள வேண்டும். பிறகு பொறுமை இருந்தால் கார், பொறுமை இல்லாவிட்டால் கொட்டகை நிறையச் சாமான். இரண்டே சீட், இரண்டு சின்னக் கதவு, முழங்கை உயரத்துக்கு ஒரு முன்கண்ணாடி, தலைக்குமேல் வானம். லீவு நாட்களிலெல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாக அதைக் கோத்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வேலை வேண்டியிருந்தது. அந்த சீட்டுகளை மட்டுமே அவள் மூன்று தரம் பிரித்துத் தைத்திருப்பாள். இன்ஜின் முதல்முறை உறுமியபோது சாவியைத் திருப்பியது அவள் கை. அவர் விரலுக்கு அதற்குள் அந்த பலம் போய்விட்டது.

அவருடைய மூச்சுக்காக டாக்டர்கள் தொண்டையில் துளையிட்டு ஒரு குழாய் வைக்கப்போகிறார்கள். அதன் பிறகு மிஷின்தான் மூச்சுவிடும், கட்டிலோடு சரி. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியானதும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால், அவர் கட்டிய காரில் அவரை உட்காரவைத்து, ஆற்றுப்பாலம் வரை ஓட்டிப்போய், பாலத்தைத் தாண்டி, கொஞ்ச தூரம் வேகம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு தடைகள். ஒன்று, ஏறுவது. கார் அவ்வளவு தாழ்வு. காலை மடக்கி, உடம்பை மடக்கி, கதவு வழியாக நுழைய வேண்டும். கழுத்து நிற்காத ஒருவரை அப்படி நுழைக்க முடியாது. ஆனால் வீட்டில் ஒரு தூக்கி இருந்தது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதற்கான இயந்திரம். துணித் தொட்டிலில் ஆளை வைத்து, கைப்பிடியை அடித்தால் மேலே தூக்கும், திருகைத் தளர்த்தினால் மெல்ல இறக்கும். திறந்த கார் என்பதால் மேலிருந்தே நேராக சீட்டுக்குள் இறக்கலாம், இன்ஜினை இறக்குவதுபோல. இரண்டாவது தடை, காற்று. வேனில் ஜன்னலை இறக்கிவிட்டு ஒருநாள் அவரைக் கூட்டிப்போனபோது முகத்தில் அடித்த காற்றில் அவர் திணறிப்போனார். மூச்சை வெளியே தள்ளவே பலம் இல்லாதவருக்கு எதிர்க்காற்று ஒரு கைபோல வாயைப் பொத்துகிறது.

ஏறும்போது கூரை இருக்கக் கூடாது. ஓடும்போது கூரை இருக்க வேண்டும்.

“ஏங்க,” என்று ஒருநாள் டீ ஊட்டும்போது கேட்டாள். “கழற்றி மாட்டுற மாதிரி ஒரு கூரை போட முடியுமா அதுக்கு?”

அவர் கண் விரிந்தது. ஸ்பூனைத் தள்ளச் சொன்னார். அன்றைக்கு டீ ஆறிக் களியாகும்வரை பேசினார். முன்பக்கம் கண்ணாடியின் மேல் சட்டத்தில் உட்கார வேண்டும், பின்பக்கம் சீட்டுக்குப் பின்னால் உள்ள தளத்தில் உட்கார வேண்டும், நாலு மூலையிலும் இழுத்துப் பூட்டும் கொக்கி, சுற்றிலும் ரப்பர். பக்கங்களுக்கு அவள் தைக்கும் கண்ணாடித்தாள் திரை. இரண்டு பேர் தூக்கும் கனத்துக்குமேல் போகக் கூடாது. தகடு வேண்டாம், ஃபைபர்தான் சரி. அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடித் தரையிலேயே வரைந்தாள்.

ஃபைபர் என்றால் படகுக்காரர். ஆற்றோரம் மீன்பிடிப் படகுகளுக்கு ஓட்டை அடைப்பவர், லேத்துக்காரருக்குப் பழைய சிநேகிதர், தலையிலும் புருவத்திலும் எப்போதும் வெள்ளைத் தூள்.

“அண்ணே, எனக்குக் கூரை எல்லாம் செய்யத் தெரியாது,” என்றார் வந்தவுடன். “படகுதான் தெரியும். படகைக் கவுத்தா கூரை. அப்படி நெனச்சுக்கிட்டு செய்றேன். தப்பா வந்தா திருப்பிப் போட்டு மீன் பிடிச்சுக்கலாம்.”

லேத்துக்காரர் ஏதோ நீளமாகச் சொன்னார். அவள் குனிந்து கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் உயரமா வேணுமாம். தலைக்குப் பின்னாடி மெத்தை வரும் இல்ல, அதுக்கு.”

“அவ்வளவு நேரம் பேசினாரு, இவ்வளவுதான் அர்த்தமா?”

“மிச்சமெல்லாம் உங்களைத் திட்டினது.”

“என்னன்னு?”

“பொம்பளை வாயால சொல்ற மாதிரி இல்ல.”

லேத்துக்காரரின் தோள் குலுங்கியது. அதுதான் அவருடைய சிரிப்பு.

ஒரே ஒரு கூரைதான் என்பதால் தனி அச்சு வேண்டாம், காரின் மேலேயே உருவம் கட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. அந்தச் சமயம் காருக்குச் சக்கரம் இல்லை. பிரேக் வேலைக்காக முன்பக்கம் எல்லாவற்றையும் பிரித்திருந்தார்கள், பின் ஆக்சிலும் வெளியே இருந்தது. நடுவயிற்றில் முட்டுக்கொடுத்து நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் கார் நின்றது. அப்படியே ஆரம்பித்தார்கள். உடம்பு முழுக்கப் பழுப்பு டேப் ஒட்டி மெழுகு தேய்த்தார்கள். மரச்சட்டங்களை விலா எலும்புபோல வளைத்து நிறுத்தி, இடையிடையே மஞ்சள் நுரைப்பலகை செருகினார்கள். தெர்மோகோல் மலிவுதான், ஆனால் ஃபைபருக்குப் பூசும் ரெசின் பசை பட்டால் வெயில் பட்ட ஐஸ்போல உருகிவிடும். மஞ்சள் பலகை, படகில் மீனுக்கு ஐஸ் பெட்டி செய்யப் போடுவது; அது ரெசினுக்கு அசையாது. அதன்மேல் பட்டி பூசி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் வழவழப்பாகத் தெரியும், உள்ளங்கையை ஓட்டினால்தான் மேடு பள்ளம் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பாடினாள். பாட்டு என்று சொல்ல முடியாது. வார்த்தை இல்லாமல், மூக்கால். நோய் வந்த பிறகு அவள் வாயிலிருந்து அந்த ஓசை வந்து யாரும் கேட்டதில்லை.

அவர் சக்கர நாற்காலியில், கழுத்துப் பட்டையோடு, காரின் கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

அவருடைய அக்கா உதவிக்கு வந்து தங்கியிருந்தாள். கொட்டகை வாசலுக்கு வருவாள், மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்பாள், உள்ளே வரமாட்டாள்.

“ஏம்மா, மூச்சு விடவே என் தம்பி திண்டாடுறான். உனக்குக் காருக்கு முக்காடு போடணுமா?”

“அவர் ஆசைப்படுறாரு அண்ணி.”

“அவன் ஆசைப்படுறானா, நீயா அர்த்தம் பண்ணிக்கிட்டியா? அவன் பேசுறது உனக்கு மட்டும்தானே புரியுது. அவன் என்ன சொன்னான்னு நீ சொன்னாத்தான் உண்டு.”

“நீங்களே கேளுங்க அவரை.”

“கேட்டா மட்டும்? நீதானே பதில் சொல்லப் போற.”

படகுக்காரர் குறுக்கே புகுந்தார். “பெரியக்கா, ஒரு வாய் டீ போட்டுக் குடுங்க. குடிக்கிற டீயா இருக்கட்டும்.”

“உனக்கும் மாவு கலந்துதான் தரணும். வாய் கொஞ்சம் ஒட்டிக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ஆனால் டீ வந்தது, பிஸ்கட்டும் வந்தது.

ரெசின் பூசிய நாள் வெயிலாக இருந்தது, அதற்காகத்தான் காத்திருந்தார்கள். ரெசின் தானாக இறுகாது. ஹார்டனர் சொட்டுகள் விட்டுக் கலக்கினால் உள்ளுக்குள் சூடு கிளம்பி, தேன் பதம், ஜெல்லி பதம், கல் என்று மாறும். சொட்டு கூடினால் டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிடும். குறைந்தால், அல்லது காற்றில் ஈரம் இருந்தால், நாள்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். படகுக்காரர் கலக்கிக் கொடுக்கக் கொடுக்க அவள் கண்ணாடிநார்ப் பாயை விரித்து, பிரஷால் குத்திக் குத்தி ஊறவைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை விரட்டினாள். வெள்ளைப் பாய் ரெசின் குடித்ததும் கண்ணாடிபோல மறைந்துபோவதைப் பார்க்க அழகாக இருக்கும். எங்கே இன்னும் வெள்ளை தெரிகிறதோ அங்கே காற்று. நாற்காலியில் இருந்தவர் கண்ணாலேயே காட்டுவார்: அங்கே, அங்கே. அவள் அங்கே ஓடுவாள். நாலு அடுக்கு. மாலையில் நகத்தால் தட்டினாள். டொக் என்றது.

“பொறந்துருச்சு,” என்றார் படகுக்காரர்.

பிறகு அதைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த நுரையைச் சுரண்டி எடுத்து, ஓரம் வெட்டி, கொக்கி வைத்து, ரப்பர் ஒட்டினார்கள். பிரேக் வேலை முடிந்தது, ஆக்சில் உள்ளே போனது, சக்கரங்கள் பூட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் படுக்கை காலியாகிறதாம்.

“அடுத்த வாரம்தானே,” என்றாள் அவள். “இந்த ஞாயித்துக்கிழமை பாலம்.”

வெள்ளிக்கிழமை காலை, வானம் இருண்டு கிடந்தது. ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டு, கூரை செய்த பிறகு முதல்முறையாகக் காரைத் தன் சக்கரத்தில் நிறுத்தினார்கள். கனத்துக்கு அவர் இடத்தில் ஒரு மணல் மூட்டையை உட்காரவைத்துப் பெல்ட் போட்டாள். “அண்ணன் இதைவிடக் கம்மியாத்தான் பேசுறாரு” என்றார் படகுக்காரர். இருவரும் கூரையின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கி, காருக்குமேல் கொண்டுவந்து, மெல்ல இறக்கினார்கள்.

பின்பக்கம் அழகாக உட்கார்ந்தது. முன்பக்கம் உட்காரவில்லை.

கண்ணாடிச் சட்டத்தின் பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய விளிம்பு அதைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. முன்னால் அழுத்தினால் பின்னால் எழும்பியது. பின்னால் பூட்டினால் முன்னால் விரல் போகும் அளவுக்கு வாயைப் பிளந்தது. அவள் ரப்பரைப் பிய்த்துவிட்டுப் பார்த்தாள். படகுக்காரர் தோளைக் கொடுத்து அமுக்கினார். மணல் மூட்டையை இறக்கியபோது கொஞ்சம் குறைந்தது, ஏற்றியபோது மறுபடி கூடியது.

“இது மேலதானே செஞ்சோம்?” என்றார் படகுக்காரர். “இதே கார் மேல. வேற கார் இல்லையே. எப்படி நீளும்?”

கூரை நீளவில்லை. கார்தான் வளைந்திருந்தது. ஒரு செருப்புப் பெட்டியை மூடியோடு பிடித்து முறுக்கினால் அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் நெளியும். சாதாரணக் காருக்கு அதன் கூரைதான் மூடி. திறந்த கார் என்பது மூடி இல்லாத பெட்டி. எங்கே தாங்கினாலும் அதற்கேற்ப வளையும். ஒரு நீளப் பலகையை நடுவில் ஒரே ஸ்டூலில் வைத்தால் இரண்டு முனையும் தொங்கும். அதே பலகையை இரண்டு முனையிலும் ஸ்டூல் வைத்துத் தாங்கினால் நடு வயிறு தொங்கும். ஸ்டாண்டில் நின்ற கார் முதல் வகை. இன்ஜின் கனத்தில் மூக்கு கீழே தொங்கி, முன்கண்ணாடி முன்னால் சாய்ந்து, கூரை உட்கார வேண்டிய இடம் நீண்டுபோயிருந்தது. அந்த நீளத்துக்குத்தான் கூரை செய்தார்கள். இப்போது சக்கரத்தில் நிற்கும் கார் இரண்டாவது வகை. நடுவில் ஆள் உட்கார உட்காரக் கண்ணாடி பின்னால் சாய்ந்து இடத்தைக் குறைக்கிறது. படகு கட்டுகிறவருக்கு இது தோன்றாது, படகைத் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தாங்கும். சீட் தைக்கிறவளுக்கும் தோன்றாது.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் போய்க் குனிந்தாள்.

“தெரியும்,” என்றார் அவர்.

“என்ன தெரியும்?”

“உட்காராதுன்னு.”

அவள் குனிந்தபடியே இருந்தாள்.

“என்னக்கா சொல்றாரு?” என்றார் படகுக்காரர்.

அவள் அவருடைய கழுத்துப் பட்டையை நேராக்கினாள்.

“அக்கா? என்ன சொல்றாரு அண்ணன்?”

“மழை வரப்போவுதாம்,” என்றாள். “நீங்க கிளம்புங்க.”

“இல்லக்கா, இதைக் குறுக்கே அறுத்து, கார் மேலயே வெச்சு மறுபடி ஒட்டிரலாம். ஒண்ணும் ஆகல. நாலு நாள் வெயில் அடிச்சா…”

தகரத்தின் மேல் முதல் சொட்டுகள் விழுந்தன. படகுக்காரர் மேலே பார்த்தார். சாமானை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“பட்டி தேய்ச்ச அன்னைக்கு. கதவோரம் பார்த்தேன். இடுக்கு மேல அகலம், கீழ ஒடுக்கம். ஆப்பு மாதிரி.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. “கார் தொங்குதுன்னு புரிஞ்சது.”

“அன்னைக்குச் சொல்லியிருந்தா சக்கரத்தை மாட்டிட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்கலாம். நாள் இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்?”

“நீ பாடிக்கிட்டே தேய்ச்சே.”

“அதுக்கு?”

அவர் கண் அவளை விட்டுக் காருக்குப் போனது. “முடிஞ்சுட்டா அடுத்து என்ன இருக்கு?”

“பாலம் இருக்கு!” என்றாள். “அடுத்து பாலம்தான் இருக்கு. அதுக்குத்தானே இதெல்லாம். உங்களை உள்ள உட்காரவெச்சு…”

“அந்தத் தொட்டில்ல தொங்குறப்ப தினமும் கண்ணை மூடிக்குவேன். கீழ விழுந்துருவேன்னு பயம். நீ கைப்பிடியை அடிச்சுக்கிட்டு இருப்ப, பார்க்க மாட்ட.”

“சொல்லியிருக்கலாமே.”

“காருக்குள்ள இறக்கி, மேல மூடி… எனக்கு வேண்டாம்.”

“நீங்கதானே கேட்டீங்க.”

“கேக்கல.” அவர் நெடுநேரம் மூச்சுக்காகக் காத்திருந்தார். “கூரை போட முடியுமான்னு நீ கேட்ட. எப்படிப் போடலாம்னு சொன்னேன். போகணும்னு சொல்லல. எப்படின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியும். அவ்வளவுதான்.”

அவள் எழுந்தாள். தனியாகத் தூக்கக்கூடிய கனம் இல்லை அந்தக் கூரை. ஒரு முனையைத் தோளில் வாங்கி, காரின் பெயின்ட் கீறுவதைப் பற்றிக் கவலைப்படாமல் சரித்து, தரையில் இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் தள்ளினாள். அது மல்லாக்க விழுந்தது. மழை வலுத்து அதற்குள் பெய்தது.

“ஓரத்துல நார் திறந்து இருக்கு,” என்றார் அவர் உள்ளிருந்து. “தண்ணி இறங்கினா அடுக்கு விட்டுப் போயிரும். கவுத்துப் போடு.”

“ஊறட்டும்,” என்றாள்.

அந்தச் சனி, ஞாயிறு முழுக்க மழை. வீட்டில் மூன்று பேரும் மூன்று அறையில் இருந்தார்கள். அவள் வேலையை எதுவும் விடவில்லை. டீயில் மாவு கலந்தாள், ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், தூக்கியில் தூக்கி இறக்கினாள். கைப்பிடியை அடிக்கும்போது இப்போது அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததால் எதுவும் மாறவில்லை; கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போக வேறு வழி கிடையாது. அவர் சொன்னதை யாருக்கும் எடுத்துச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

“இப்ப என்ன கேக்குறான்?” என்பாள் அக்கா.

“தெரியல அண்ணி. எனக்கும் புரியல.”

“உனக்குப் புரியலையா?”

“இதுவரைக்கும் புரிஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

ஜெயித்தவள் முகம் இல்லை அக்காவுக்கு. சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கை மசித்தாள், தேவைக்குமேல் மசித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. அவள் அவர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் சாவி.

“நான் ஒரு தடவை ஓட்டிட்டு வரேன்,” என்றாள். “பாலம் வரைக்கும். நீங்க வர வேண்டாம். அது ஓடுதான்னாவது ஒருத்தர் பார்க்கணும் இல்ல.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம்.

கொட்டகைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டார்ட்டர் இரண்டு தரம் இருமியது, இன்ஜின் பிடித்துக்கொண்டது. அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கார் கல் பாவிய வழியில் குலுங்கித் தெருவுக்கு இறங்கியது, முதல் கியரில் கூவியது, இரண்டாவதுக்கு மாறியபோது ஒரு மூச்சு தாழ்ந்து மறுபடி எழுந்தது. அவர் உதடு லேசாகத் திறந்திருந்தது. அவர் பொருத்திய ஒவ்வொரு உறுப்பும் சுவருக்கு அப்பால் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தெரு முனை வரை சத்தம் போனது. அங்கே நின்றது.

“அணைஞ்சு போச்சா?” என்றாள் அக்கா. “ரிப்பேரா?”

இல்லை. அணைந்துபோகும் இன்ஜின் சும்மா அணையாது. திக்கும், உதறும், கார் ஒருமுறை குதித்து நிற்கும், உடனே ஸ்டார்ட்டர் மறுபடி இருமும். இது சுத்தமாக நின்றது, விளக்கை அணைத்ததுபோல. சாவியைத் திருப்பி நிறுத்தினால்தான் அப்படி நிற்கும். மறுபடி ஸ்டார்ட் செய்யும் சத்தமும் இல்லை. அவருக்கு இதெல்லாம் யோசிக்காமலே தெரிந்தது.

மழை மறுபடி பிடித்தது. அக்கா முன்னறைக்குப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“முனையிலதான் நிக்குது. மழையில உட்கார்ந்திருக்காடா. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கா. நான் போய்க் கூப்பிடுறேன்.”

அவர் கண்ணை இறுக மூடினார், திறந்தார், மறுபடி இறுக மூடினார். போக வேண்டாம் என்கிறார் என்று அக்காவுக்கு முதல்முறையாக யாரும் சொல்லாமலே புரிந்தது. அவள் உட்கார்ந்தாள்.

பாலம் வரை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் போனது. அதற்குமேலும் போனது. பிறகு ஸ்டார்ட்டர் இருமியது. இரண்டாவது கியர், முதல் கியர், கல் பாவிய வழி, கொட்டகை.

அவள் உள்ளே வந்தபோது தலையிலிருந்து மடிவரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். ஓடும் காரில் முன்கண்ணாடி மழையைத் தலைக்குமேல் தள்ளிவிடும். தோள் நனையும், மடி நனையாது. அக்கா துண்டை நீட்டினாள். வாயைத் திறக்கப் போனாள். தம்பியின் கண் அவள்மேல் நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

“எப்படி இருந்தது?” என்றார் அவர்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நல்லா ஓடுச்சுங்க. ரொம்ப நல்லா ஓடுச்சு.”

“ஸ்டியரிங்?”

“கொஞ்சம் கனம். வேகம் எடுத்ததும் சரியாயிருச்சு.”

“எந்தப் பக்கமும் இழுக்கலையா?”

“இல்ல. நேரா போச்சு.”

“பிரேக்?”

“பாலத்துக்கு முன்னாடி போட்டுப் பார்த்தேன். கால் வெச்சதும் நின்னுது.”

“பாலத்துல?”

“பாலத்துல ஆத்து நிறையத் தண்ணி. காத்து அடிச்சுது. உங்களுக்கு மூச்சு முட்டியிருக்கும்.” துண்டு மடியில் கிடந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. “மூணாவது போட்டேன், நாலாவதும் போட்டேன். வெண்ணெய்ல கத்தி மாதிரி விழுந்துச்சு.”

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய ஒவ்வொரு கேள்விக்கும் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் கேட்டார்.

“பாலம் தாண்டி?”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“பாலம் தாண்டினா ரோடு நேரா போகுது,” என்றாள். “வளைவே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறமும் நேராத்தான்.”

“அப்புறம்?”

அவள் அவருடைய அசையாத கையை எடுத்துத் தன் ஈர மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள்.

“இன்னும் நேராத்தான்,” என்றாள். “இன்னும் போகுது.”